கேப்பர் மலையிலேயே தொடங்கலாம்

பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் கூட்டிப்போய்ப் பாறை, மண், செடி எல்லாவற்றையும் நேரில் காட்டிப் பாடம் நடத்த வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைவரை போக வேண்டியதில்லை. நான் கடலூர்க்காரன். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு பாறை இருக்கிறது, கடலூர் மணற்கல். அது இந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கே தெரியாது.

போன வருடம் மகளையும் அவள் தோழிகளையும் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். இந்த மணற்கல்லில் புதைந்து கல்லாகிப்போன, சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் அங்கே இருக்கின்றன. கை வைத்தால் கல், குனிந்து பார்த்தால் மரத்தின் இழையோட்டம் அப்படியே தெரிகிறது. "அப்பா, வேரும் கிளையும் எங்கே?" என்றாள் மகள். ஆற்று வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள் இவை, வருகிற வழியிலேயே அவை முறிந்திருக்கும் என்றேன். வெகுநேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை அவள்.

அப்புறம் நெய்வேலி. இதே மணற்கல்லுக்கு அடியில்தான் பழுப்பு நிலக்கரி. அதை வெட்ட, கீழே அழுத்தத்தில் இருக்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம், முந்திரித் தோப்பு, கிணற்று நீர் மூன்றும் எங்கே மோதுகின்றன என்பதைச் சுரங்க ஓரத்து ஊர்களில் நின்று பார்த்தால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். கடலூரை ஒட்டிய கேப்பர் மலைச் செம்மண் சரிவுக்கோ டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆசிரியர்களே, ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள்.