வயல் தானாக விதைக்கும் வசதி எப்போது வந்தது?

'வயல் தானாக மறுபடி விதைக்கும் வசதி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினி விளையாட்டின் முதல் பதிப்பிலேயே இருந்தது' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல. 1999 பதிப்பில் 175 உணவு தீர்ந்ததும் வயல் காய்ந்து கிடக்கும். போர் நடுவே ஓடிப்போய் நாம்தான் மறுபடி போட வேண்டும், பெரிய தலைவலி! 2000-இல் வந்த 'தி கான்குவரர்ஸ்' விரிவாக்கத்தில்தான் (ஆட்டத்தின் கூடுதல் தொகுப்பு) மில்லில், அதாவது ஆட்டத்தின் மாவு ஆலையில், ஒவ்வொரு விதைப்புக்கும் 60 மரம் முன்பணம் கட்டி, அடுத்த விதைப்புகளை வரிசையில் வைக்கும் வசதி வந்தது. அதுவும் முழுத் தானியங்கி கிடையாது, வரிசை தீர்ந்தால் வயலும் நின்றுவிடும். தானாக விதைக்கும் பொத்தான் 2019-இல் புதுப்பித்து வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால், விரிவாக்கம் இல்லாத பழைய ஆட்டத்தைத் திறந்து மில்லைச் சொடுக்கிப் பாருங்கள்: விவசாய ஆராய்ச்சிகள் மட்டும்தான் தெரியும், விதைப்பு வரிசைக்கான பொத்தானே இருக்காது.