பச்சைக் கப்பல் முதலாளியும் நம்ம ஊர் கப்பல்காரங்களும்

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றதே, அந்தக் கப்பலின் பக்கவாட்டில் ‘எவர்கிரீன்’ என்று எழுதியிருந்ததால் அது அந்தக் கம்பெனியின் கப்பல் என்றுதான் இன்னமும் பலர் நினைக்கிறார்கள். கப்பலின் சொந்தக்காரர் ஜப்பான் கம்பெனி. கொடி பனாமா. ஆள் போட்டு நிர்வகித்தது ஜெர்மன் கம்பெனி. உள்ளே இருந்த மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். தைவானின் எவர்கிரீன் அதை வாடகைக்கு எடுத்து ஓட்டியது, அவ்வளவுதான்.

அந்த எவர்கிரீனைத் தொடங்கிய சாங் யுங்-ஃபா பற்றி ஒரு கதை வாட்ஸப்பில் சுற்றும்: ஒரே ஒரு பழைய கப்பலில் தொடங்கினார், உழைத்தார், உலகப் பணக்காரர் ஆனார். பொய்யில்லை. ஆனால் கப்பல் தொழில் தெரிந்தவனுக்கு அதில் பாதிக் கதையைக் காணோம்.

1927இல் தைவான் தீவின் சூ-ஆவ் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். 18 வயதில் ஜப்பானியக் கப்பல் கம்பெனியின் தைபே அலுவலகத்தில் குமாஸ்தா, இரவில் வணிகப் பள்ளி. கப்பல் ஏறியது அதற்கு அப்புறம்தான். மூன்றாம் அதிகாரியில் தொடங்கி கேப்டன் வரை போனார். இந்த வரிசையைக் கவனியுங்கள். சரக்குச் சீட்டும் கட்டணக் கணக்கும் முதலில் கை படிந்தது, கடல் பிறகு வந்தது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இது தலைகீழ். கடல் பிறக்கும்போதே வந்துவிடுகிறது, கணக்கு வருவதேயில்லை.

1968 செப்டம்பர் 1ஆம் தேதி எவர்கிரீன் தொடங்கியபோது இருந்தது 15 வயதான ஒரு சரக்குக் கப்பல். ‘15 வயது’ என்பதைச் சும்மா கடந்துவிடக் கூடாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கப்பலுக்குப் பெரிய சோதனை உண்டு. 15இல் வருவது மூன்றாவது. டாக்கில், அதாவது தண்ணியில்லாத பழுதுபார்ப்புத் தளத்தில் ஏற்றி, அடித்தட்டு முதல் மேல்தளம் வரை தகட்டின் தடிமனை அளப்பார்கள். 12 மில்லிமீட்டர் தகடு 9க்கு வந்திருந்தால் வெட்டி எடுத்துப் புதுசு வைக்கச் சொல்லுவார்கள். முதலில் துருப்பிடித்துப் போவது பேலஸ்ட் தொட்டியின், அதாவது கப்பல் நிலையாக நிற்கக் கடல்தண்ணி நிரப்பும் தொட்டியின், மேல்மூலை. உப்புத் தண்ணி பாதி, காற்று பாதி நிற்கிற இடம். எத்தனை டன் இரும்பு மாற்றணும் என்பது டாக்கில் ஏற்றின பிறகுதான் தெரியும். அதனால்தான் அந்த வயதுக் கப்பல் மலிவாகக் கிடைக்கும். வாங்குகிறவனுக்கு அந்தத் தொட்டிக்குள் டார்ச்சோடு இறங்கிப் பார்க்கத் தெரிந்திருக்கணும். கேப்டனாக இருந்தவருக்குத் தெரியும். வெறும் பணக்காரனுக்குத் தெரியாது.

பணமும் வானத்திலிருந்து விழவில்லை. ஜப்பானின் மருபெனி வணிகக் குழுமம் தொடக்கத்தில் கடன் கொடுத்துத் தாங்கியது. வாட்ஸப் கதையில் மருபெனி வராது.

இனி முக்கியமான இடம். கிடைத்த சரக்கை ஏற்றி, கிடைத்த துறைக்கு ஓடுவது ஒரு வகை. பஸ் மாதிரி நேரம் போட்டு ஓடுவது இன்னொரு வகை. அவர் இரண்டாவதைப் பிடித்தார். அதன் கணக்கு இது: போய்த் திரும்ப 42 நாள் ஆகும் பாதையில் வாரம் ஒரு கப்பல் விடணும் என்றால் ஆறு கப்பல் வேண்டும். ஐந்து இருந்தால் ஒரு வாரம் ஓட்டை. பாதிக் கப்பல் காலியாக இருந்தாலும் குறித்த நாளில் கிளம்பியாகணும். ஒரு தடவை தவறினால் ஏற்றுமதிக்காரன் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவான்.

1975இல் அமெரிக்கக் கிழக்குக் கரைக்குக் கண்டெய்னர் சேவை. 1984இல் உலகத்தைக் கிழக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் ஒரே நேரத்தில் சுற்றும் சேவை. அதே சமயத்தில் கண்டெய்னரைக் கடலுக்குக் கொண்டுவந்த மால்கம் மக்லீனும் யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் கம்பெனியை வைத்து உலகம் சுற்றினார். அவரும் லாரி ஓட்டி மேலே வந்தவர்தான். எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தபோது 12 பெரிய கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தார், எரிபொருள் மிச்சமாக வேகம் மணிக்கு 18 கடல்மைல் மட்டும். கிழக்கு நோக்கி மட்டும் சுற்று. எண்ணெய் விலை சரிந்ததும் மெதுவாகப் போவதால் மிச்சமான காசுக்கு மதிப்பில்லாமல் போனது. எதிர்த்திசைச் சரக்கை உலகத்தைச் சுற்றிக் கொண்டுபோக யார் கொடுப்பார்கள்? 1986 நவம்பரில் கம்பெனி திவால். இரண்டு பேரும் உழைப்பாளிகள், இரண்டு பேரும் அடிமட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் மூழ்கினார்.

எவர்கிரீன் சுற்றும் நிரந்தரமில்லை. சுற்றும் வழியில் இருக்கும் பனாமா கால்வாயின் பழைய பூட்டுகளில், அதாவது கப்பலை ஏற்றி இறக்கும் தண்ணி அறைகளில், 32 மீட்டர் அகலத்துக்குச் சற்று மேல் போனாலே கப்பல் நுழையாது. கப்பல்கள் பெருத்தபோது அந்த இடுக்கு வழி கட்டுப்படியாகவில்லை. 2002இல் நிறுத்திவிட்டார்கள். லாபமில்லாத பெருமையைத் தூக்கிச் சுமக்காததும் தொழில்தான்.

நம்ம பக்கம் வருவோம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் விசைப்படகில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சுறா பிடிப்பவர்கள். குளச்சலிலிருந்து நேர் மேற்கே ஓடினால் லட்சத்தீவின் மினிக்காய் தீவு, ஏறத்தாழ 250 கடல்மைல். அங்குள்ள நீரோட்டம் இவர்களுக்கு வீட்டு முற்றம். ‘அப்போ லட்சத்தீவுக்குச் சரக்கு ஓட்டலாமே’ என்று படித்த பையன்கள் கேட்பதுண்டு. மீன்படகின் பதிவு வேறு, சரக்குக் கலத்தின் பதிவு வேறு. ஐஸ் போடும் மீன் அறையின் வாய் சின்னது; சிமெண்ட் மூட்டையும் கம்பியும் அதில் இறங்காது. தளத்தில் அடுக்கினால் எடை மேலே ஏறி, பக்க அலையில் சாய்ந்த படகு நிமிர மறுக்கும். ஜூன் தொடங்கினால் தென்மேற்குக் காற்று சிறுகலங்களைக் கட்டிப் போட்டுவிடும், ஆனால் கடன் தவணைக்குப் பருவம் கிடையாது.

கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் கதை வேறு. ஆறு மாதம் பயிற்சி, சி.டி.சி. என்ற மாலுமிச் சான்றுப் புத்தகம், பிறகு இடைத்தரகரிடம் லட்சங்கள். அந்த ஏஜென்டுக்கு கப்பல்துறை இயக்குநரகத்தின் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்ப்பதில்லை. பத்து வருடம் ஓடியும் தன் கப்பலின் ஒரு நாள் வாடகை எவ்வளவு, எரிபொருள் யார் கணக்கில் என்று கேட்காதவர்கள்தான் அதிகம். நாள் வாடகைக்கு விட்ட கப்பலில் எரிபொருளும் துறைமுகக் கட்டணமும் வாடகைக்கு எடுத்தவன் தலையில். ஆள் சம்பளம், இன்சூரன்ஸ், டாக் செலவு சொந்தக்காரன் தலையில். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் எவர் கிவன் பக்கத்தில் யார் பெயர் எழுதியிருந்தது, ஏன் என்பதும் புரியும்.

மினிக்காய்க்கு ஒரு நடைக்கு டீசல் எவ்வளவு என்று வள்ளவிளையில் யாரைக் கேட்டாலும் உடனே சொல்லுவார்கள். திரும்பி வரும்போது எதை ஏற்றுவது என்று கேளுங்கள். கொப்பரையும் மாசியும் (காய்ந்த சூரை மீன்) என்பார்கள். அது எத்தனை டன், எந்த மாதம், கரையில் யார் வாங்குவான்?