கப்பல் ஏறிவிட்டால் ஏற்றுமதி முடிந்துவிட்டதா?

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில், வாங்கியவர் எடுக்காமல் நிற்கிற ஒரு பொள்ளாச்சிச் சின்ன யூனிட்டின் பித் (தேங்காய் நார்த்தூள்) கண்டெய்னர் படத்துக்குக் கீழே இன்னும் வந்து விழுகிற கருத்துகளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. "சின்ன யூனிட்டுக்கு எதுக்கு எக்ஸ்போர்ட் ஆசை?" "குப்பையை அனுப்பி ஊர்ப் பேரைக் கெடுத்துட்டாங்க." எழுதியவர்களில் பாதிப் பேர் நார் மில்லும் பித் களமும் வைத்திருப்பவர்கள். அதுதான் வலிக்கிறது.

அந்தச் சரக்கு குப்பை இல்லை. ஒப்பந்தத்தில் "இ.சி. 0.5க்குள்" என்று ஒற்றை வரி இருந்தது. (பித்தில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற மின்கடத்து அளவுதான் இ.சி.) எந்த முறையில் அளப்பது என்று எழுதவில்லை. இங்கே களத்தில் ஒரு பங்கு பித்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி மீட்டரை விட்டார்கள்; 0.4 காட்டியது. அங்கே ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர்தான் ஊற்றுவார்கள், டச்சுக்காரர்களின் வழக்கம் அது. தண்ணீர் குறைந்தால் அதே உப்பு கெட்டியாகத் தெரியும். மீட்டர் 1.1 காட்டியது. அழுத்திக் கட்டியாக்கிய அதே பித் பிளாக், அதே உப்பு. இப்போது வாங்குபவர் விலையில் 30 சதவீதம் குறைத்தால்தான் சரக்கை விடுவிக்கிற ஆவணத்தை வங்கியிலிருந்து எடுப்பேன் என்கிறார். இதில் பேராசை எங்கே இருக்கிறது?

எத்தனை முறை சொன்னாலும் சரி, மறுபடியும் சொல்கிறேன். தூத்துக்குடியில் கண்டெய்னர் கப்பல் ஏறுவது ஏற்றுமதி இல்லை. பணம் கணக்கில் ஏறுவதுதான் ஏற்றுமதி.

பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவது என்ன? ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி இறக்குமதி எண் எடுப்பது. பான் எண்ணை வைத்து டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) தளத்தில் 500 ரூபாய் கட்டினால் முடிகிற வேலை அது. (வருஷா வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அதே தளத்தில் புதுப்பிக்காவிட்டால் எண் செயலிழந்துவிடும். இதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள்.) பிறகு கயிறு வாரியப் பதிவு, அந்நியச் செலாவணி வாங்கும் வங்கியின் ஏ.டி. கோடு, ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. என்கிற உறுதிமொழி. எல்லாமே வேண்டும்தான். ஆடிட்டரும் சி.எச்.ஏ.வும் (சுங்க ஏஜென்ட்) உட்கார்ந்தால் முடித்துவிடுவார்கள். இந்தக் காகிதங்களால் கவிழ்ந்த யூனிட்டை யாராவது காட்டுங்கள். கவிழ்வது இரண்டே இடத்தில்: சரக்கு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுகிற வரியில், பணம் எப்போது வரும் என்று எழுதுகிற வரியில்.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். இ.சி. எவ்வளவு என்பதோடு 1:1.5 முறையா 1:5 முறையா என்று எழுத வேண்டும். ஈரப்பதம் எவ்வளவு, மணல் எவ்வளவு, பிளாக்கின் எடை கூடுதல் குறைச்சல் எவ்வளவு என்பதும் அதில் வர வேண்டும். லோடு ஏற்றும்போது எடுத்த சாம்பிளில் எந்த ஆய்வகத்தின் முடிவு இறுதி என்பதும் வர வேண்டும். சாம்பிளை மூன்றாகப் பிரித்துச் சீல் வையுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று உங்கள் அலமாரிக்கு. நாளைக்குத் தகராறு வந்தால் பேசப்போவது அந்த அலமாரிச் சாம்பிள்தான்.

கழுவுகிற தண்ணீரையும் அளந்து பாருங்கள். போர்த் தண்ணீரே 1.2 காட்டினால், எத்தனை நாள் கழுவினாலும் பித்தின் உப்பு ஓரளவுக்குக் கீழே இறங்காது. மழைக்காலத்தில் எடுத்த ரீடிங்கை நம்பிக் கோடையில் ஆர்டர் பிடித்து மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். களத்தில் மேலே உலர்ந்த பித்தை மட்டும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு பிளாக் அழுத்துகிற பிரஸ்ஸுக்கு அனுப்பாதீர்கள். அடியில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு 5 கிலோ பிளாக் அழுத்தினால் கண்டெய்னருக்குள் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஒரு நாற்பதடிக் கண்டெய்னரில் சுமார் 24 டன், அதாவது கிட்டத்தட்ட 4,800 பிளாக். கதவைத் திறந்ததும் முன்வரிசையில் நாலு பிளாக் வெள்ளையாக இருந்தால் பாக்கி எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். மரப் பலகையில் அடுக்கினால், மரத்தின் உள்பகுதி 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடேறியதற்கான முத்திரை பலகையில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் அது தனித் தலைவலி.

அடுத்தது பணம். அந்த யூனிட் ஒத்துக்கொண்டது டி.பி. முறை, அதாவது பணத்துக்கு எதிராக ஆவணம். பணம் கட்டினால்தான் வங்கி ஆவணத்தைக் கொடுக்கும் என்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். வாங்குபவர் வங்கிப் பக்கமே வராவிட்டால்? சரக்கு துறைமுகத்தில், ஃப்ரீ டைம் (வாடகையில்லாத நாட்கள்) முடிந்தால் நாளுக்கு நாள் வாடகை, திருப்பிக் கொண்டுவரக் கப்பல் கூலி வேறு. அந்த நெருக்கடியில்தான் 30 சதவீதம் கேட்கிறார்கள். புது வாங்குபவர் என்றால், திருப்பிக் கொண்டுவரும் செலவுக்காவது தேறுகிற அளவு முன்பணம் வாங்குங்கள். மீதியை பி.எல். (கப்பல் நிறுவனம் தருகிற சரக்கு ரசீது) நகல் பார்த்ததும் அனுப்பட்டும், அதற்குப் பிறகு ஒரிஜினல் போகட்டும். பி.எல்.லில் வாங்குபவர் பெயரை நேரடியாகப் போடாமல் "டு ஆர்டர்" என்று போட்டால் சரக்கின் பிடி உங்கள் கையில் இருக்கும். புக்கிங் போடும்போதே இறங்கும் துறைமுகத்தில் 14 நாள் ஃப்ரீ டைம் கேளுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

"இ.சி.ஜி.சி. பாலிசி எடுத்திருக்கலாமே" என்று ஒருவர். ஏற்றுமதிப் பணத்துக்கான அரசு நிறுவனக் காப்பீடு அது. எடுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. வாங்குபவர் திவாலானாலும் பணம் தராமல் இழுத்தடித்தாலும் அது கைகொடுக்கும். ஆனால் சரக்கில் குறை என்று அவர் தகராறு கிளப்பிவிட்டால், அது தீரும்வரை இழப்பீடு நகராது. சுற்றி வந்தால் அந்த ஒற்றை வரியில்தான் வந்து நிற்கிறோம்.

"டிரேடருக்கே கொடுத்துவிட்டுப் போகலாமே" என்று இன்னொருவர். முதல் வருஷத்துக்குச் சரி. உத்யம் பதிவு (சிறு தொழில் பதிவு) இருந்தால் உள்நாட்டில் 45 நாளுக்குள் பணம் கேட்கச் சட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு? விடியற்காலை களத்தில் நின்று பித்தைப் புரட்டிப் போடுகிற பெண்களின் பிளாக் இன்னொருவர் லேபிளில் போகும். எந்த விவசாயி எந்தப் பயிருக்கு வாங்குகிறார், எதில் அவருக்குத் திருப்தி இல்லை என்று ஒரு சேதியும் திரும்பி வராது. பத்து வருஷம் ஆனாலும் அந்த யூனிட்டுக்குத் தெரிந்தது தேங்காய் மட்டையும் கரண்ட் பில்லும் மட்டுமாக இருக்கும். சின்னவர்கள் வளரக் கூடாது என்று நேராகவே சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்கிறோம்.

"தெரியாமல் ஏன் இறங்கினார்கள்?" என்ற கேள்விக்குத்தான் கோபம் வருகிறது. தெரிந்தவர்கள் நீங்கள் இருந்தீர்களே. 1:1.5 என்ற மூன்று இலக்கச் சமாச்சாரம் தெரிந்த ஒருத்தர்கூட லோடு ஏற்றும் முன்னால் அந்த ஒப்பந்தத்தை வாங்கிப் பார்க்கவில்லை. கண்டெய்னர் மாட்டிய பிறகு எல்லாருக்கும் எழுத நேரம் கிடைத்திருக்கிறது. பெரிய ஆலைகளுக்கு ஒப்பந்தம் படிக்கத் தனி ஆள் உண்டு. இந்த யூனிட்டில் கணக்கு எழுதுகிறவரும் லாரிக்குப் போன் போடுகிறவரும் மீட்டர் பிடிக்கிறவரும் ஒரே ஆள்.

அந்தக் கருத்துகளை அழித்துவிடுங்கள். செய்ய முடிகிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். அந்தப் பித் தக்காளிப் பசுமைக்குடிலுக்கு நேரடியாக ஆகாது என்றாலும் தோட்ட மண் கலவைக்குத் தாராளமாக ஆகும். ஹாலந்திலோ பக்கத்தில் ஜெர்மனியிலோ பெல்ஜியத்திலோ மண் கலவை செய்கிறவர் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஃப்ரீ டைம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது.