பாகூர் ஏரியை ஊரிடம் கொடுங்கள்

பாகூர்க்காரன் என்று சொன்னதும் வெளியூரில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே கடை எத்தனை மணி வரைக்கும்?" என்பதுதான். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்கு எங்கள் ஊர் என்றால் எல்லையோரச் சாராயக்கடை, அவ்வளவுதான். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. 1783-இல் பிரான்சும் இங்கிலாந்தும் வெர்சாயில் போட்ட உடன்படிக்கையில் பெயர் சொல்லி எழுதப்பட்ட ஊர் இது. புதுச்சேரியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதைச் சார்ந்த பகுதிகளாக வில்லியனூரையும் பாகூரையும் சேர்த்து வாங்கித் தருகிறோம் என்று இங்கிலாந்து ஒப்புக்கொண்டது. கோட்டையும் கிடையாது, துறைமுகமும் கிடையாது. அப்புறம் எதற்கு இந்த ஊரை அப்படிக் கேட்டு வாங்கினார்கள்? இங்கே நெல் விளைந்தது. நெல் விளைய ஏரி இருந்தது.

நான் எழுத வந்தது அந்த ஏரியைப் பற்றித்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும், அதற்கான பணமும், மதகுச் சாவியும் ஆயக்கட்டு விவசாயிகளிடம், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் பயிர் வைக்கிறவர்களிடம், திரும்ப வரவேண்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் இடம் சொல்கிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டினால் கன்னியக்கோயில். அங்கே மேற்கே திரும்பினால் பாகூர். நேராகப் போனால் முள்ளோடையில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். வரைபடத்தில் பார்த்தால் புதுச்சேரிப் பகுதி மொத்தமே 293 சதுர கிலோமீட்டர்தான், அதுவும் துண்டு துண்டாக. ஒரு வயல் புதுச்சேரி, வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு என்பதெல்லாம் எங்களுக்குச் சாதாரணம். என் அத்தையைப் பெண்ணையாற்றுக்கு அக்கரையில் கொடுத்திருக்கிறோம். துணி எடுக்க, நகை எடுக்க, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் கடலூர்தான் பக்கம். வேறே ஊர் என்ற நினைப்பே வராது. ரேஷன் அட்டையை எடுக்கும்போதுதான் எல்லைக்கோடு கண்ணில் படும்.

தண்ணீருக்கும் அந்தக் கோடு தெரியாது. கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரியிலும் சாத்தனூரிலும் அணைகளில் தங்கிவிட்டு, கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. கடலைத் தொடுவதற்கு முன்னால் சொர்ணாவூரில் ஓர் அணைக்கட்டு. அங்கிருந்து கிளம்புவதுதான் பங்காரு வாய்க்கால். பாகூர் ஏரிக்கு வரத்து அதுதான். அணைக்கட்டு விழுப்புரம் மாவட்டத்தில், ஏரி புதுச்சேரியில். ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி இது.

பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள் தங்கள் சொத்தையெல்லாம் போட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். கோயிலில் ஆடிய பெண்கள் என்பார்கள். மூலநாதர் கோயிலின் அடித்தளத்தில் ஆடும் பெண்களின் சின்னச் சின்னச் சிற்பங்கள் இருக்கின்றன. பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போய் "இவங்கதான்டா நமக்குத் தண்ணி கொண்டு வந்தவங்க" என்று காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். சரித்திரப்படி அது சரியா என்பது வேறு விஷயம். தண்ணீர் கொண்டு வந்தவளைச் சாமிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஊர் இது. எனக்கு அது பெரிய பெருமை.

கோயில் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளோடு, கன்னரதேவன் என்று தமிழ்க் கல்வெட்டுகள் சொல்லும் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. தக்கோலத்தில் 949-இல் சோழர்களைத் தோற்கடித்த பிறகு அவன் கை இதுவரைக்கும் நீண்டிருக்கிறது. அதற்கும் முந்தியது செப்பேடு. நிருபதுங்க பல்லவனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், இங்கே இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதி வைத்த செப்பேடு அது. 1879-இல் கிடைத்து, பாரிஸ் வரைக்கும் போய்விட்டது. ஒரு கல்விச்சாலையில் சொல்லிக் கொடுப்பவர்களும் படிப்பவர்களும் சாப்பிட மூன்று ஊர் விளைச்சல். அந்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே இந்த மண் சொந்தச் சாப்பாட்டுக்கு மேல் விளைந்தது என்பதற்கு அந்தச் செப்பேடு சாட்சி.

1752 சண்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்சின் படை இங்கே பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. பிரெஞ்சுத் தளபதி கெர்ழான் கைதியானார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு அது பெரிய அடி. எனக்கு அதில் அதிக ஆர்வம் இல்லை. யாரோ இரண்டு பேர் எங்கள் வயலில் அடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ஆர்வம் உள்ள சரித்திரம் வேறு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரி ஏரிகளுக்கு 'கேஸ் கொம்யூன்' என்று ஒரு பொதுநிதி முறை இருந்தது. ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்கள் நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பணம் கட்டுவார்கள். மீன் ஏலம், மர ஏலம் மாதிரி வருமானமும் அதிலேயே சேரும். கரை உடைந்தால், வாய்க்கால் தூர்ந்தால் அந்தப் பணத்தில் ஊரே வேலை பார்க்கும். அது ஒன்றும் சமத்துவமான ஏற்பாடு இல்லை. பெரிய நிலக்காரர் பேச்சுதான் எடுபடும், கூலிக்காரருக்குக் குரல் கிடையாது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று எல்லாருக்கும் தெரியும். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த பிறகு பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அரசுத் துறைக்குப் போனது, பழைய முறை தேய்ந்துபோனது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளையும் சீரமைக்கும் திட்டம் வந்தது. ஏரிச் சங்கங்கள் அமைத்தார்கள். நல்ல முயற்சி, மறுக்க மாட்டேன். ஆனால் திட்டப் பணம் தீர்ந்த பிறகும் ஒரு சங்கம் உயிரோடு இருக்கவேண்டும் என்றால் அதற்குச் சொந்த வருமானமும் அதிகாரமும் வேண்டும்.

இப்போது வாய்க்கால் எப்படி இருக்கிறது? மழைக்கு முன்னால் கரையோடு நடந்து பாருங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நிற்கும். அதன் வேரில் வண்டல் கட்டி வாய்க்காலே பாதியாகச் சுருங்கியிருக்கும். ஏரிக்கு வந்தால், மதகுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் வைக்கோலையும் பழைய சாக்கையும் திணித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். அதைத் திணித்தது அதிகாரி கிடையாது, கீழே நாற்று விட்டிருக்கிற விவசாயி. தண்ணீர் ஒழுகி வீணாவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தச் சாக்கு மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: பொறுப்பு இன்னும் ஊரிடம்தான் இருக்கிறது, அதிகாரம்தான் இல்லை.

ஏரி நம்பகமாக இல்லை என்றானதும் எல்லாரும் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டார்கள். நான் குறை சொல்லமாட்டேன், என் வீட்டு நிலத்திலும் போர்தான். ஆனால் கடலோரம் இருக்கிற கிராமங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறுகிறது. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் போரில் நல்ல தண்ணீர் ஊறும். போர் இருக்கிறவர் ஏரி வேலைக்கு வருவதில்லை, போர் போட வசதி இல்லாதவர் தனியாக வந்து என்ன செய்வார்? அவர் நிலம்தான் முதலில் மனையாகிறது. நவரைப் பட்டத்து நெல்லுக்கு நாற்றங்கால் இருந்த இடத்தில் மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி, "புதுச்சேரிக்கு மிக அருகில்" என்று பலகை வைத்துவிடுகிறார்கள்.

வெள்ளத்தையும் சொல்லியாகவேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. மழை நின்றதும் பிழைத்தோம் என்று நினைத்தோம். அதற்குள் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். சோரியாங்குப்பம், குருவிநத்தம், இருளன்சந்தை எல்லாம் பெண்ணையாற்றுத் தண்ணீரில் நின்றன. கடலூர்ப் பக்கத்திலும் அதே வெள்ளம். நிவாரணம் மட்டும் புதுச்சேரியில் அட்டைக்கு 5,000 ரூபாய், தமிழ்நாட்டில் 2,000 ரூபாய். அக்கரையில் இருக்கிற அத்தை வீட்டில் இதைப் பேசும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்களைவிட அவர்கள் வீட்டில்தான் தண்ணீர் உயரமாக ஏறியிருந்தது.

இரண்டு அரசும் சேர்ந்து செய்யவேண்டிய வேலையை எப்படிச் செய்வது என்று கேட்கிறவர்கள் தை ஐந்தாம் நாள் சோரியாங்குப்பத்துக்கு வாருங்கள். ஆற்றுத் திருவிழா. இந்தப் பக்கத்து ஊர்ச் சாமிகளும் அந்தப் பக்கத்து ஊர்ச் சாமிகளும் பெண்ணையாற்றுக்கு வந்து தீர்த்தவாரி நடக்கும். மணலில் வரிசையாகப் பந்தல். மண் ஒட்டிய சிறுவள்ளிக்கிழங்கைக் குவியல் குவியலாகக் கொட்டி விற்பார்கள். அன்றைக்கு அதை வாங்காமல் யாரும் வீடு திரும்பமாட்டார்கள். வளையல் கடை, ராட்டினம், கரும்புக் கட்டு. எந்தச் சாமி எங்கே நிற்கவேண்டும், எந்த வழியாகப் போகவேண்டும் என்பதையெல்லாம் இரண்டு பக்கத்து ஊர்ப் பெரியவர்களும் பேசி முடித்துவிடுவார்கள். மாநில எல்லை ஆற்றில் ஓடுவது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த இந்த மனிதர்களிடம் ஒரு வாய்க்காலைக் கொடுக்க என்ன பயம்?

உள்ளாட்சி என்று ஒன்று இருந்தால் இந்தக் கோரிக்கையை அங்கே வைத்திருப்பேன். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. தெரு விளக்குக்கும் மனு, சாக்கடைக்கும் மனு, ஏரிக்கும் மனு. நிலம் இல்லாத கூலிக்காரருக்கும், ஏரியில் மீன் பிடிக்கிறவருக்கும், கரையில் மாடு மேய்க்கிற அம்மாவுக்கும் பேச இடம் கிடைக்கவேண்டும் என்றால் தேர்தல் வேண்டும். பழைய பொதுநிதி முறையில் இல்லாத குரல் அது.

சொர்ணாவூரில் தலைமதகு திறப்பது, வாய்க்கால் தூர்வாருவது இரண்டுக்கும் இரு பக்கத்து விவசாயிகளும் அதிகாரிகளும் உள்ள ஒரே குழு வேண்டும். அது ஆடியிலேயே கூடவேண்டும், ஐப்பசி மழை வந்த பிறகு கூடிப் பிரயோசனம் இல்லை. மீன் ஏலப் பணம் ஏரிக் கணக்கிலேயே நிற்கவேண்டும். வரவு செலவைக் கோயில் வாசலில் எழுதி ஒட்டவேண்டும். ஏரி ஆயக்கட்டில் மனை போட அனுமதி கொடுப்பதற்கு முன்னால் ஏரிச் சங்கத்தைக் கேட்கவேண்டும்.

ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள், குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர்கள், அக்கரை ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் மதகு எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள், முடிந்தால் படமும் போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாக இரண்டு பக்கத்து ஆட்சியர்களிடமும் கொடுப்போம். எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.