பூலின் அளவை 1 என்று வைத்து டெஸ்ட் எழுதுங்கள்

"அக்கா, டெஸ்ட் எல்லாம் பச்சை. மெர்ஜ் பண்ணிடட்டுமா?"

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். கூரியர் பார்ட்னரின் ஏபிஐயைக் கூப்பிட்டு, பார்சல் எங்கே இருக்கிறது என்று கேட்டு வரும் ஜாவா கோடு. சுத்தமாகவே எழுதியிருந்தாள். பதில் 200, அதாவது எல்லாம் சரி என்ற குறியீடு என்றால், ஜேசன் வடிவில் வந்த தகவலைப் பிரித்துக் கொடுக்கும், வேறு எது வந்தாலும் எக்ஸெப்ஷன் எறியும். இரண்டு வழிக்கும் டெஸ்ட் இருந்தது. ஆனால் அந்த எக்ஸெப்ஷன் வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருஷங்களுக்கு முன், வேறொரு கம்பெனியில், இதே மாதிரி ஒரு வரிக்காக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு ஆர்டர் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. சிபியு சும்மா இருக்கிறது. டேட்டாபேஸ் சும்மா இருக்கிறது. லாகில் எரர் கிடையாது, சொல்லப்போனால் லாகே ஓடவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கிறது. நாலாவது ரீஸ்டார்ட்டுக்கு முன்னால்தான் யாருக்கோ, ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் எடுக்கத் தோன்றியது. எங்கள் கோடை ஓட்டும் டாம்கேட் சர்வரில், வரும் ரிக்வெஸ்ட்டுகளைக் கவனிக்கும் 200 த்ரெட்டும் ஒரே வரியில் நின்றுகொண்டிருந்தன. பூலிலிருந்து, அதாவது கனெக்ஷன்களைச் சேர்த்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இடத்திலிருந்து, கனெக்ஷன் வாங்கும் வரி. சர்வரில் கனெக்ஷன்களைப் பட்டியலிடும் எஸ்எஸ் கமாண்ட் போட்டுப் பார்த்தால், அந்தப் பார்ட்னருக்கு மொத்தமே 2 கனெக்ஷன், இரண்டும் க்ளோஸ்-வெயிட் நிலையில். அவர்கள் எப்போதோ மூடிவிட்டார்கள். நம் பக்கம்தான் யாரும் மூடவில்லை.

அந்த 2 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நாங்கள் பயன்படுத்திய ஜாவா லைப்ரரியான அப்பாச்சி எச்டிடிபி கிளையண்ட் 4-ன் பூலை நாம் எதுவும் சொல்லாமல் உருவாக்கினால், ஒரு முகவரிக்கு 2 கனெக்ஷன், எல்லா முகவரிக்கும் சேர்த்து 20. இதற்கு வேர், எச்டிடிபியின் விதிகளைச் சொல்லும் ஆவணமாக 1999-ல் வந்த ஆர்எஃப்சி 2616. ஒரு பயனருக்கான கிளையண்ட் ஒரு சர்வரிடம் 2 கனெக்ஷனுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அதில் பரிந்துரை இருந்தது. பிரவுசரை மனதில் வைத்துச் சொன்னது. 2014-ல் வந்த ஆர்எஃப்சி 7230 அந்த எண்ணையே எடுத்துவிட்டது. ஆனால் லைப்ரரியில் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே ஓடும் கோடு அதைத் தெரியாமலே சுமந்துகொண்டிருந்தது.

சரி, 2 குறைவு என்பதால் மட்டும் நிற்கவில்லை. 2 இருந்தாலும் மெதுவாகவாவது ஓட வேண்டும். அன்று ஓடாததற்குக் காரணம், வாங்கிய கனெக்ஷனைத் திருப்பிக் கொடுக்காதது.

கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு நன்றாக வந்தாலும் சரி, சாம்பார் தீய்ந்தாலும் சரி, அண்டாவைக் கழுவிக் கடையில் கொடுத்தால்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். கனெக்ஷனும் அப்படித்தான். பதிலின் பாடியை, அதாவது அதன் உள்ளடக்கத்தை, கடைசி பைட் வரை படித்தால், அது கழுவிய அண்டா, பூலுக்குத் திரும்பி அடுத்த ரிக்வெஸ்ட்டுக்கு உதவும். படிக்காமல் ரெஸ்பான்ஸை மூடினால் லைப்ரரி அந்த கனெக்ஷனை முறித்துப் போட்டுவிட்டு, அடுத்த முறை புதிதாக ஒன்றைத் திறக்கும். வீண்தான், ஆனால் ஆபத்து இல்லை. படிக்கவும் இல்லை, மூடவும் இல்லை என்றால் அண்டா திரும்பி வரவே வராது. கடைக்காரர் கணக்கில் அது இன்னும் வெளியே இருக்கிறது. எங்கள் கோடு, 'இப்போது முடியாது' என்று சர்வர் சொல்லும் 503 வந்ததும் பாடியைத் தொடாமல் எக்ஸெப்ஷன் எறிந்துவிட்டுப் போனது. பார்ட்னர் 2 முறை 503 கொடுத்தார், எங்களிடம் இருந்த இரண்டும் போய்விட்டன.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாதது ஒன்று உண்டு. நாங்கள் டைம்அவுட் வைத்திருந்தோம். கனெக்ட் ஆக 2 விநாடி, பதிலுக்காகக் காத்திருக்க 5 விநாடி என்று அக்கறையாகவே வைத்திருந்தோம். மூன்றாவது டைம்அவுட் ஒன்று உண்டு. பூலில் கனெக்ஷன் கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது, கனெக்ஷன் ரிக்வெஸ்ட் டைம்அவுட். 4-ஆம் பதிப்பில் அதை நாம் சொல்லாவிட்டால் காலவரையே இல்லாமல் காத்திருக்கும். 5-ல் 3 நிமிஷம். ஆன்லைன் ஆர்டர் போடுகிறவர் 3 நிமிஷம் காத்திருப்பாரா? அன்றைக்கு எங்கள் 200 த்ரெட்டும் விடியும் வரை நின்றிருந்தாலும் ஒரு எரர்கூட வந்திருக்காது.

அந்த ராத்திரி செய்த திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பூலை 2-லிருந்து 200 ஆக்கினோம். எல்லாரும் வீட்டுக்குப் போனோம். ஒன்பதாம் நாள் மறுபடி நின்றது. பூலைப் பெரிதாக்கினால் லீக், அதாவது கனெக்ஷன் திரும்பாமல் தொலைவது, நிற்காது, தாமதமாகத் தெரியும். தாமதமாகத் தெரிகிற தப்பைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அதற்குள் எந்த மாற்றத்தால் வந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்தக் கோடுக்கும் டெஸ்ட் இருந்தது. 503 வழிக்கும் இருந்தது! ஆனால் எச்டிடிபி கிளையண்டையே மாக் செய்து, அதாவது அதன் இடத்தில் ஒரு போலியை வைத்து, எழுதியது. மாக் 503 கொடுக்கும், கோடு எக்ஸெப்ஷன் எறியும், டெஸ்ட் பச்சை. மாக்குக்குப் பூல் கிடையாது. அதனிடம் திருப்பிக் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. நெட்வொர்க்கைத் தொடும் கோடில் உடையக்கூடிய இடம் எதுவோ அதை வெளியே எடுத்துவிட்டு மீதியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். இந்த வழக்கம் இன்னும் எத்தனையோ டீம்களில் அப்படியே ஓடுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. டெஸ்ட் ஓட்டிப் பார்த்த வரிகளின் அளவான கவரேஜ் 90 சதவீதம் என்று காட்டுவார்கள், ஒரு நிஜ கனெக்ஷன்கூடத் திறந்திருக்காது.

அதனால் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "மாக்கை எடுத்துடும்மா. டெஸ்ட்டுக்குள்ளயே ஒரு நிஜ சர்வரை ஏத்து. பூல் அளவு 1. கனெக்ஷன் ரிக்வெஸ்ட் டைம்அவுட் அரை விநாடி. முதல் ரிக்வெஸ்ட்டுக்கு பாடியோட 503 குடு, ரெண்டாவதுக்கு 200. ரெண்டாவது போகுதான்னு மட்டும் பாரு."

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஜாவா 6-லிருந்தே ஜாவாவின் டெவலப்மெண்ட் கிட்டான ஜேடிகேயுடன் ஒரு சின்ன எச்டிடிபி சர்வர் வருகிறது. போர்ட் 0 என்று கொடுத்தால் காலியாக இருக்கும் போர்ட்டை ஆபரேட்டிங் சிஸ்டமே எடுத்துக் கொடுக்கும். "இது பல பகுதிகளைச் சேர்த்துப் பார்க்கும் இன்டெக்ரேஷன் டெஸ்ட், ஒரு பகுதியை மட்டும் பார்க்கும் யூனிட் டெஸ்ட்டில் வரக்கூடாது" என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் ஒரே மெஷினுக்குள் நடக்கிறது, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பெயரை வைத்து அதைத் தள்ளி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

அளவு 1 என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூலில் 200 இருந்தால் ஒன்று தொலைந்தது தெரியவே தெரியாது. ஒன்றே ஒன்று இருந்தால், அதைத் தொலைத்த அடுத்த நொடியில் தெரிந்துவிடும். இதே ஏற்பாட்டில் பதில் பாதியில் அறுந்தால் என்ன, ஜேசன் உடைந்திருந்தால் என்ன, டைம்அவுட் ஆனால் என்ன என்று ஒவ்வொரு தோல்வி வழியையும் ஓட்டி, பின்னால் ஒரு நல்ல ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்க்கலாம். ஒவ்வொரு டெஸ்ட்டின் முடிவிலும் பூலிடமே கணக்குக் கேட்கலாம். வெளியே போயிருப்பது எத்தனை, வரிசையில் நிற்பது எத்தனை, சும்மா இருப்பது எத்தனை என்று அது சொல்லும். வெளியே போயிருப்பது 0 ஆக இருக்க வேண்டும். இதே எண்களை ப்ரொடக்‌ஷனிலும் கிராஃபில் போட்டு வைத்தால், வரிசை நீள ஆரம்பிக்கும்போதே தெரியும்.

எதிர்ப் பக்கத்துத் தப்பும் உண்டு. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதுக் கிளையண்ட் உருவாக்கினால் எதுவும் நிற்காது, ஆனால் பூல் என்பதே இருக்காது. ஒவ்வொரு முறையும் கனெக்ஷனைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலும், அதைப் பாதுகாப்பாக்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலும் முதலிலிருந்து நடக்கும். பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை கனெக்ஷனைப் பிடித்து வைக்கும் செஷன் இல்லாமல் நேரடியாகக் கூப்பிடுகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. கோ மொழியில் பாடியைக் கடைசிவரை படிக்காமல் மூடினாலும் பெரும்பாலும் இதேதான். இதைப் பிடிக்க எளிய வழி, டெஸ்ட் சர்வரில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் எந்த கிளையண்ட் போர்ட்டிலிருந்து வருகிறது என்று ஒரு செட்டில் போட்டு வைப்பது. வரிசையாக 10 ரிக்வெஸ்ட் அனுப்பினால் செட்டில் ஒரு போர்ட்தான் இருக்க வேண்டும். 10 இருந்தால் பூல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, பூலில் சும்மா கிடக்கும்போதே செத்துப்போகும் கனெக்ஷன். நோட் ஜேஎஸ் சர்வர் வழக்கமாக 5 விநாடி சும்மா இருந்த கனெக்ஷனை மூடிவிடும். அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சருக்கு அது 60 விநாடி. நம் கிளையண்ட் அதைவிட அதிக நேரம் வைத்திருந்தால், அவர்கள் மூடுகிற அதே கணத்தில் நாம் ரிக்வெஸ்ட் அனுப்ப நேரும். தகவலை மட்டும் கேட்கும் கெட் ரிக்வெஸ்ட் என்றால் திரும்ப அனுப்பிவிடலாம். பணம் கட்டும் போஸ்ட் என்றால்? அங்கே போய்ச் சேர்ந்ததா இல்லையா என்றே தெரியாது. அதனால் நம் பக்கத்துக் காத்திருப்பு எப்போதும் எதிர்ப் பக்கத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். இதையும் அதே டெஸ்ட் சர்வரில், பதில் கொடுத்ததும் கனெக்ஷனை மூடச் சொல்லி ஓட்டிப் பார்க்கலாம்.

பூலுக்கு எத்தனை வைப்பது என்று கேட்பவர்களுக்கு: விநாடிக்கு 50 ரிக்வெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் 200 மில்லி விநாடி என்றால் ஒரே நேரத்தில் சராசரியாக 10 வெளியே இருக்கும். அதற்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள். பார்ட்னர் 2 விநாடிக்கு மந்தமானால் அதே போக்குவரத்துக்கு 100 வேண்டும். அந்த நேரத்தில் பூல் நிரம்பி, அரை விநாடியில் எரர் வருவது நல்லது. மீதிப் பக்கங்கள் பிழைக்கும்.

அந்தப் பெண் மத்தியானத்துக்குள் டெஸ்ட் எழுதிவிட்டாள். ஓட்டியதும் சிவப்பு. பூலிலிருந்து கனெக்ஷன் கிடைக்கவில்லை, டைம்அவுட் என்று எழுத்தில் வந்தது. அன்றைக்கு விடிய விடிய தேடிய அதே விஷயம், அரை விநாடியில். ரெஸ்பான்ஸை, முடிந்ததும் தானாக மூடிவிடும் ட்ரை பிளாக்குக்குள் வைத்து, எக்ஸெப்ஷன் எறிவதற்கு முன் பாடியைப் படித்து முடிக்கும் ஒரு வரி சேர்த்தாள். பச்சை.

பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "அக்கா, நான் பழைய பேமெண்ட் சர்வீஸைப் பார்த்துத்தான் இதை எழுதினேன்" என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். அதில் இதே மாதிரி நாலு இடம் இருந்தது. இரண்டைத் திருத்தி ரிலீஸ் செய்தாயிற்று. மீதி இரண்டுக்கும் டெஸ்ட் இப்போது சிவப்பாக இருக்கிறது, நாளைக்கு உட்காருகிறோம்.