எட்டு ஓட்டையும் இருக்கிறது, போல்ட் மட்டும் நுழையாது

ஜப்பானில் கட்டிய கப்பல். கடல்நீர்க் குழாயில் ஒரு நாலு இன்ச் வால்வு மாற்ற வேண்டும். குழாயில் இருப்பது ஜேஐஎஸ் 10கே பிளாஞ்ச், அதாவது ஜப்பான் கணக்கில் செய்த, குழாய் முனையில் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு. வந்து இறங்கிய வால்வோ ஆன்சி 150, அமெரிக்கக் கணக்கு. இதிலும் எட்டு ஓட்டை, அதிலும் எட்டு ஓட்டை. ஓட்டையின் அளவுகூட இரண்டிலும் 19 மில்லிதான். ஆனால் ஓட்டைகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் ஜேஐஎஸ்ஸில் 175 மில்லி, ஆன்சியில் 190.5. ஐரோப்பாவின் பிஎன் 16 வாங்கியிருந்தால் 180. மூன்றையும் கடையில் நாலு இன்ச் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். மூன்றும் ஒன்றோடொன்று சேராது. சிங்கப்பூரில், கப்பல் வேலை நடக்கும் துவாஸில் இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது.

இரவு பத்து மணிக்கு என்ஜின் ரூமில், தரைத்தட்டுக்கு அடியில், கப்பல் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீருக்கு மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு ஃபிட்டர் போல்ட்டை நுழைத்துப் பார்க்கிறான். ஒரு பக்கம் விட்டால் எதிர்ப்பக்கம் ஓட்டை ஓடிப் போய் நிற்கிறது. வியர்வை கண்ணில் வழிகிறது. "அண்ணே, கிரைண்டர் போட்டு ஓட்டையை இழுத்துடவா?" என்று கேட்கிறான். கூடாது. இழுத்த ஓட்டையில் போல்ட் தலை சரியாக உட்காராது, கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட் ஒரு பக்கம் கடிக்கும், ஒரு பக்கம் விடும். நடுக்கடலில் என்ஜின் ரூமுக்குள் தண்ணீர் வந்தால் யார் பதில் சொல்வது? சரி, ஒரு பக்கம் ஜேஐஎஸ், மறுபக்கம் ஆன்சி வைத்து ஸ்பூல் பீஸ் என்கிற குட்டைக் குழாய் செய்யலாம் என்றால், அது உட்கார நீளத்தில் இடம் இருக்க வேண்டும். ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளும் அந்த நேரத்தில் திறந்திருக்காது. காலையில் கப்பல் கிளம்ப வேண்டும்.

இவ்வளவுக்கும் காரணம், பர்ச்சேஸ் ஆர்டரில் 'நாலு இன்ச் வால்வு, பிளாஞ்ச் டைப்' என்று எழுதிவிட்டு ஏசி அறையில் இருந்தவர். ஆனால் மறுநாள் மீட்டிங்கில் "ஃபிட்டிங் டீம் லேட்" என்றுதான் ரிப்போர்ட் வரும். ஒருத்தர் செய்வதற்கு இன்னொருத்தர் தலை உருள வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம்.

பிளாஞ்சாவது சேராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். பைப் மரை அதுகூடச் சொல்லாது. அரை இன்ச், முக்கால் இன்ச் இரண்டிலும் பிரிட்டிஷ் கணக்கான பிஎஸ்பிக்கும் அமெரிக்கக் கணக்கான என்பிடிக்கும் ஒரு இன்ச்சுக்கு 14 மரைதான். கையால் திருப்பினாலே இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும். ஆனால் மரையின் கோணம் பிஎஸ்பியில் 55 டிகிரி, என்பிடியில் 60. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் பிரஷர் ஏற்றும்போது கசியும். புதுப்பையன் இன்னும் இறுக்குவான், ஃபிட்டிங் பிளந்துகொள்ளும். 1841-ல் இங்கிலாந்தில் விட்வொர்த் என்ற பொறியாளர் 55 என்றார், 1864-ல் அமெரிக்காவில் செல்லர்ஸ் என்ற பொறியாளர் 60 என்றார். இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டு போல்ட் இன்னொரு நாட்டு நட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து போல்ட் மரைக்கு ஒரே கணக்கை ஒப்புக்கொண்டன. பைப் மரையை அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் கசிவை இன்றைக்கும் நாங்கள் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த நாடுகளால் ஒத்துப்போக முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மனசு வைத்தால் முடியும் என்பதற்கு நம் துறைமுகமே சாட்சி. தஞ்சோங் பகாரில் 1972-ல் முதல் கொள்கலன் கப்பல் வந்தபோது பெட்டியின் அளவு ஏற்கெனவே உலகத்துக்குப் பொதுவாக முடிவாகியிருந்தது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1968-லேயே வெளியிட்டுவிட்டது. எந்த நாட்டுப் பெட்டியும் எந்தக் கிரேனிலும் தூக்கலாம், எந்த லாரியிலும் பூட்டலாம். அந்த ஒரு ஒப்பந்தத்தில்தான் இந்தத் தீவின் பிழைப்பில் ஒரு நல்ல பங்கு ஓடுகிறது. பெட்டிக்கு ஒத்துப்போனவர்கள், பெட்டிக்குள் இருக்கும் சாமானுக்கு ஏன் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த பதில், அவரவர் சந்தைக்கு அவரவர் வேலி. இங்கே ஜூரோங்கில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்து கன்ட்ரோல் பேனல் செய்கிறவரைக் கேளுங்கள். ஐரோப்பாவுக்கு அனுப்ப சிஇ முத்திரை வேண்டும், அமெரிக்க வாடிக்கையாளர் யூஎல் என்ற பாதுகாப்புச் சான்று கேட்பார். மின்சாரம் இங்கே 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை மாற்றலாம், அதை வைத்து ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. அங்கே நிமிஷத்துக்கு 1800 சுற்றுக் கணக்கில் ஓடும் மோட்டார் இங்கே 1500-க்கு இறங்கிவிடும், பம்ப் தண்ணீரும் அதோடு இறங்கும். பெரிய கம்பெனி இதற்கெல்லாம் தனி ஆள் போடும், தனி டெஸ்டுக்குப் பணம் கட்டும். சின்னவர் ஆர்டரே வேண்டாம் என்று விட்டுவிடுவார்.

காசு போனால் சம்பாதிக்கலாம். எனக்குத் தூக்கம் கெடுவது வயர் கலரை நினைத்தால்தான். இந்தியாவில், ஊரில் ஐடிஐ படித்துவிட்டு வரும் பையனுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கரண்ட் வரும் பேஸ், கறுப்பு நியூட்ரல். இங்கேயும் முன்பு அப்படித்தான் இருந்தது. 2009-ல் மாற்றினார்கள்: பழுப்பு, கறுப்பு, சாம்பல் பேஸ், நீலம் நியூட்ரல். அதாவது அவன் நியூட்ரல் என்று மனப்பாடம் செய்த கறுப்பில் இங்கே கரண்ட் ஓடுகிறது. பழைய கட்டடத்தில் பழைய கலரும், பிறகு நீட்டிய இடத்தில் புதுக் கலரும் வயர் போகும் ஒரே டிரங்கிங் பெட்டியில் கிடக்கின்றன. அமெரிக்க மெஷின் வந்தால் அதில் கறுப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல். டெஸ்டர் வைக்காமல் தொடக்கூடாது, சரி. ஆனால் அவசரப்படுத்தும் போர்மேன், இருட்டு, புது ஊர், இதற்கு நடுவில் கை பழகிய பழக்கத்துக்குத்தான் போகும். அது அவன் குற்றமே இல்லை.

புதிதாக வரும் ஹெல்பர் ஒவ்வொருவர் கையிலும் பழைய கலர், புதுக் கலர் இரண்டு கேபிளையும் கொடுத்து, முதல் நாளே வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தமிழில் சொல்லிக் காட்டுங்கள் என்று போன இடத்திலெல்லாம் கேட்கிறேன். பத்து நிமிஷ வேலை. "ஷெட்யூல் டைட், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள்.