கடைக்காரர் பக்கத்தில் உட்காராமல் அஜைல் கிடையாது

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள் மென்பொருள் வேலையில் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனதும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, எங்கள் குழுவிலும் அஜைல் முறைதான். காலையில் ஸ்டாண்ட்-அப் நடக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்ப்ரின்ட் முடிகிறது, ரெட்ரோவும் உண்டு. வேலைப் பளு மட்டும் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது?" (அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு பகுதியாகச் செய்து, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் முறை. ஸ்டாண்ட்-அப் என்பது தினசரிக் குறுங்கூட்டம், ஸ்ப்ரின்ட் என்பது ஒரு சுற்று வேலைக்கு ஒதுக்கும் காலம், ரெட்ரோ என்பது முடிந்த சுற்றில் எது சரி, எது தவறு என்று பேசும் கூட்டம்.)

நான் திருப்பிக் கேட்பேன்: நீ எழுதும் மென்பொருளை யார் பயன்படுத்துகிறார்கள்? அவரை நீ பார்த்திருக்கிறாயா? எந்தத் திரையில் அவர் திணறுகிறார் என்று உனக்குத் தெரியுமா? பெரும்பாலும் பதில் வராது. மேனேஜருக்குத் தெரியும், கிளையன்ட் பக்கம் யாருக்காவது தெரியும் என்பார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது என்பது பல குழுக்களில் வேலை பார்த்த பிறகு என் உறுதியான எண்ணம். எழுதுபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைக்க வந்த முறை அஜைல். அந்தத் தூரம் குறையாத இடத்தில் எத்தனை கூட்டம் போட்டாலும் நேரம்தான் விரயம்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் மென்பொருள் துறையைச் சேர்ந்த 17 பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. கென்ட் பெக், மார்ட்டின் ஃபவுலர், கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லாந்து போன்றவர்கள் அதில் இருந்தார்கள். நான்கு விழுமியங்கள், கூடவே 12 கோட்பாடுகள், அவ்வளவுதான். ஸ்டாண்ட்-அப், ஸ்டோரி பாயின்ட் (ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று மதிப்பிட்டுக் கொடுக்கும் எண்), வெலாசிட்டி (ஒரு ஸ்ப்ரின்டில் குழு முடித்த பாயின்ட்களின் கூட்டுத்தொகை) என்ற பேச்சே அதில் கிடையாது. வணிகம் அறிந்தவர்களும் நிரல் எழுதுபவர்களும் திட்டம் முடியும்வரை நாள்தோறும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. இயங்கும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்று இருக்கிறது. நான் பார்த்த நிறுவனங்களில் பல, கூட்டங்களைப் பிடித்துக்கொண்டு இந்த இரண்டையும் விட்டுவிட்டன.

புதுச்சேரியில் இப்போது நான் இருக்கும் குழு சிறியது. மருந்து மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங், இருப்புக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். ஒரே மாத்திரை நான்கு பேட்ச் எண்ணில் வரும், ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி வேறு, விலை வேறு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண பில்லிங் வேலைதான். கடையில் போய் உட்கார்ந்தால்தான் அதன் நெளிவு சுளிவு புரியும்.

எங்கள் டெஸ்டர் ஒருவரும் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவரும் ஒரு மொத்தக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். பில் போடும் அம்மா தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஆர்டர் கேட்கிறார். இரண்டு கைகளும் விசைப்பலகையில். மௌஸைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் ஒரு நீள நோட்டு. எந்தப் பேட்ச் முதலில் காலாவதியாகிறது என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார், ஏனென்றால் திரையில் பேட்ச்கள் எண் வரிசையில் வந்தன. கடைக்கு வேண்டியது தேதி வரிசை. எந்தச் சில்லறைக் கடைக்கு எவ்வளவு நாள் கடன், யார் குறுகிய காலாவதிச் சரக்கை வாங்க மாட்டார் என்பதெல்லாம் அதே நோட்டில். அந்த நோட்டின் ஒவ்வொரு பத்தியும் எங்கள் மென்பொருளில் இல்லாத ஒரு வசதி. எத்தனை பக்கத்துக்குத் தேவை ஆவணம் எழுதி வாங்கினாலும் இது அதில் வந்திருக்காது, ஏனென்றால் ஆவணத்தில் கையெழுத்துப் போடும் முதலாளிக்கே அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வந்த இருவரும் மறுநாள் பேசியபோது பேக்லாகின், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலின், வரிசையே மாறிப்போனது.

2025 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி வரி விகிதங்களை மாற்றியது. 22ஆம் தேதி முதல் நடைமுறை. மருந்துகளில் பெரும்பாலானவை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின, சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை என்றானது. நாங்கள் ஒரு ஸ்ப்ரின்டின் நடுவில் இருந்தோம். அறிக்கைத் திரைகளை மாற்றும் வேலை கையில் இருந்தது, அதை அப்படியே ஒதுக்கி வைத்தோம். வரி விகிதத்தை மாற்றுவது பெரிய வேலை இல்லை. இருப்பில் இருக்கும் பழைய சரக்கு, திரும்பி வரும் சரக்கு இரண்டும்தான் தலைவலி. பழைய பில்லைச் சார்ந்து கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்கின் தொகையைக் கழித்துக் கொடுக்கும் சீட்டு) போட்டால் பழைய விகிதம். காலாவதிச் சரக்கைப் புதிய விற்பனையாகக் காட்டித் திருப்பி அனுப்பினால் அன்றைய விகிதம். இரண்டு வழியும் நடைமுறையில் உண்டு, எந்தக் கடை எதைப் பின்பற்றுகிறது என்பதை அந்தக் கடையும் அதன் ஆடிட்டரும்தான் சொல்ல முடியும். எங்கள் ப்ராடக்ட் ஓனர் (வேலைகளின் முன்னுரிமைக்குப் பொறுப்பானவர்) அன்றைக்கே போனை எடுத்துக் கடைகளைக் கேட்டார். எது முதலில், எது அப்புறம் என்று அவரே முடிவு செய்தார். யாரிடமும் கையெழுத்துக்காகக் காத்திருக்கவில்லை. சில நாளுக்கு ஒரு முறை சிறு சிறு பகுதியாகக் கொடுத்தோம், கடைக்காரர்கள் சோதனைப் பிரதியில் மாதிரி பில் போட்டுப் பார்த்துச் சொன்னார்கள்.

இதைத் துணிந்து செய்ய முடிந்ததற்கு இன்னொரு காரணம், எங்களிடம் தானியங்கிச் சோதனைகள் இருந்தன. பெயர் நீக்கிய பழைய பில்களை வைத்து எழுதியவை. தள்ளுபடி, இலவசச் சரக்கு, பைசாவை முழுமையாக்கும் கணக்கு எல்லாம் அதில் அடக்கம். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் அத்தனையும் ஓடும், எங்கே பைசா இடிக்கிறது என்று காட்டிவிடும். கென்ட் பெக் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்று வகுத்த அஜைல் வழிமுறையின் முதுகெலும்பே இதுதான். ஸ்ப்ரின்ட் வைத்து வேலை செய்யும் ஸ்க்ரம் என்ற அஜைல் வழிமுறைக்கான பயிற்சி வகுப்புகளில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சோதனை இல்லாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெளியீடு என்பது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பயப்படுவது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஸ்டாண்ட்-அப் என்றால் வருகைப் பதிவு. ஒவ்வொருவரும் மேனேஜர் முகத்தைப் பார்த்து நேற்று செய்ததை ஒப்புவிப்பார்கள். மற்றவர் பேசும்போது யாரும் கேட்பதில்லை. ஸ்டோரி பாயின்ட்டை இத்தனை மணி நேரம் என்று மாற்றி, குழுக்களை ஒப்பிட்டு வரைபடம் போடுவார்கள். விளைவு, எல்லோரும் பாயின்ட்டைக் கூட்டிச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டைத் தானே கண்டுபிடித்திருக்கக்கூடும் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் எழுதியிருக்கிறார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது.

இப்போதைய குழுவில் காலையில் வேலைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்டும் பலகையை வலப்பக்கத்திலிருந்து படிக்கிறோம். முடியும் தறுவாயில் இருக்கும் வேலை முதலில், அதை இன்றைக்கே முடிக்க யார் கைகொடுக்க முடியும் என்பதே பேச்சு. ஒருவர் கையில் ஒரு வேலைக்கு மேல் கிடையாது. எழுதியதை அன்றன்றே பொது நிரலில் சேர்த்துவிட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இதன் அருமை தெரிந்தது. ஊரெங்கும் தண்ணீர், மின்சாரம் இல்லை. அடுத்த நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. குழுவில் பாதிப் பேர் வீட்டைப் பார்க்க வேண்டிய நிலை. யாருடைய மடிக்கணினியிலும் அரைகுறை நிரல் மாட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதால், வர முடிந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள், மற்றவர்களை யாரும் அழைக்கவே இல்லை.

ரெட்ரோ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரியவர்கள் முன்னால் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகளை ஒரு அறையில் உட்காரவைத்து, எது சரியில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டால் என்ன சொல்வார்கள்? எல்லாம் நன்றாக இருக்கிறது சார் என்பார்கள். நாங்கள் ரெட்ரோவைத் தமிழில் நடத்துகிறோம். எல்லோரும் முதலில் சீட்டில் எழுத வேண்டும். வயதில் இளையவர் முதலில் படிப்பார், மூத்தவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த, கூட்டங்களில் வாயே திறக்காத ஒரு தம்பி, எங்கள் வெளியீட்டு முறையில் இருந்த ஓட்டையை இப்படித்தான் எடுத்துச் சொன்னார். அடுத்த ஸ்ப்ரின்டின் முதல் வேலையாக அதை எடுத்துக்கொண்டோம். சொன்னது நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த முறையும் சொல்வார்கள்.

வெளிநாட்டுக் கிளையன்ட்டுக்கு வேலை செய்கிறோம், நாங்கள் எந்தக் கடையில் போய் உட்காருவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஸ்ப்ரின்ட் முடிவில் செய்த வேலையைக் காட்டும் டெமோவுக்குக் கிளையன்ட் மேலாளரோடு அந்த மென்பொருளை அன்றாடம் பயன்படுத்தும் ஊழியர் ஒருவரையும் அழைத்து வரும்படி கேளுங்கள். டெமோவை நீங்கள் செய்து காட்டாமல் அவரைச் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பேசாமல் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், அவர் வேலை செய்யும் திரையை அரை மணி நேரம் பதிவு செய்து அனுப்பச் சொல்லிக் குழுவாக உட்கார்ந்து பாருங்கள். மேனேஜரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான் எழுதிய இந்தப் பதிவையே காட்டிக் கேளுங்கள். உள்ளூர் வாடிக்கையாளர் என்றால் இந்தத் தயக்கமே வேண்டாம். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம், பஸ் கட்டணத்தை நிறுவனம் கொடுக்கட்டும்.